எந்தக் கரையில் இறங்குவது?

வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. ஊர் அடங்கிய பின்னர் அலையோசை படுக்கை வரைக்கும் வந்து கேட்கும். புகையிரதம் ஓடும் சத்தமும் அலை மோதும் சத்தமும் கேளாத ஊர்களுக்குச் சென்றால் எங்கள் வீட்டாருக்கு உறக்கமே வருவதில்லை. இத்தகைய இடத்தில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒருவன், சென்ற ஆண்டு வரையில் முழங்காலளவு நீருக்கு அப்பால் கடலில் இறங்கியதில்லை என்றால் நம்புவீர்களா? அந்த ஒருவன் வேறு யாருமல்லன், நானேதான்.

இந்த வெட்கக்கேட்டை எனக்கு எடுத்துக் காட்டியவள் பதினொரு வயது நிரம்பிய என் மகள். ஒரு நாள் மாலை கடலோர வீதியில் உலாவிக்கொண்டிருந்தோம். தண்டவாளத்துக்கு அப்பால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, நாங்கள் இருப்பது ஒரு தீவு என்று பாடத்தில் படித்தேன். தீவில் இருக்கிற எங்களுக்கு ஏன் நீந்தத் தெரியாது?"

கல்லூரியில் எத்தனையோ மாணவர்களின் கேள்விகளுக்கு விடையளித்திருக்கிறேன். இதற்கு மட்டும் உடனே விடை வரவில்லை. "இந்தக் கடல் நல்லதல்ல" என்று சொல்லி வைத்தேன். "அப்படியானால் எந்தக் கடல் நல்லது?" என்றாள் அவள்.

நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடிப் புறப்பட்ட கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வெள்ளவத்தைக் கடல் நல்லதல்ல என்று நான் சொன்னது முழுப் பொய்யன்று. கரையை அரிக்காதிருக்கக் கருங்கற்களைக் குவித்திருக்கிறார்கள். பாசி படிந்த அக்கற்களில் கால் வழுக்கினால் இடுக்கில் அகப்பட்டுக்கொள்ளும். மழை பெய்தால் வெள்ளவத்தை வாய்க்கால் நகரத்து அழுக்கையெல்லாம் கடலிலே கொண்டு வந்து சேர்க்கும். ஆயினும் இதே வெள்ளவத்தையிலே கின்றோஸ் ஒழுங்கையின் பெயரால் ஒரு நீச்சல், உயிர்காப்புக் கழகமே தோன்றியது என்பதை நினைத்தால், கடல்மீது மாத்திரம் பழியைப் போட்டுவிட முடியாதென்று தெரிகிறது.

உண்மைக் காரணம் என் தகப்பனார். அவர் காரைநகரைச் சேர்ந்தவர். இளம் வயதிலேயே கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் சிறு கடையொன்று நடத்தினார். முதலில் கடைக்கு மேலேயே குடியிருந்தோம். பின்னர் வெள்ளவத்தைக்கு வந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது, அயல் வீட்டுப் பையன்களுடன் தண்டவாளத்தைக் கடந்து அந்தக் கருங்கற்களில் இறங்கிவிட்டேன். அன்றைக்கென்று அப்பா நேரத்தோடு வீடு திரும்பியிருந்தார். பிள்ளைகள்மேல் ஒரு நாளும் கை வைக்காத மனிதர், அன்று என்னை அடித்தார். அடித்தபின் அவருடைய கைதான் நடுங்கிற்று. "கடலைப் பார்க்கலாம், இறங்கக் கூடாது" என்றார். எங்கள் வீட்டில் அதுவே சட்டமாயிற்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்து நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன அன்றிரவு, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "பார்த்தாயா?" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். அதற்குமேல் வாதிட எவருக்கு மனம் வரும்?

ஆனால் அச்சம் ஒரு பாதுகாப்பாகிவிடாது என்பதை 2018ஆம் ஆண்டு நான் நன்றாக உணர்ந்தேன். ஆவணி விடுமுறையில் மாணவர்களை அழைத்துக்கொண்டு தென்கரைக்குச் சுற்றுலா சென்றோம். பையன்கள் குளிக்க வேண்டுமென்று நச்சரித்தார்கள். கரையில் நின்று கடலை நோக்கினேன். இரு புறமும் அலைகள் வெண்ணுரை தள்ளி உடைந்துகொண்டிருந்தன. நடுவிலே சில பாக அகலத்துக்கு அலையே இல்லை. நீர் கருநீலமாய், குளம்போல் கிடந்தது. "அந்த இடத்தில் இறங்குங்கள்" என்று கைநீட்டிக் காட்டியவன் நான்.

ஐந்து நிமிடம் சென்றிருக்காது. ஒரு பையனின் தலை மற்றவர்களை விட்டு விலகிக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவன் கரையை நோக்கி நீந்துகிறான். ஆனால் தூரமோ கூடிக்கொண்டே போகிறது. நான் ஓடினேன். முழங்காலளவு நீரில் என் கால்கள் நின்றுவிட்டன. மேலே ஓரடி வைக்க என்னால் முடியவில்லை. என் கையில் பையன்களுடைய மணிக்கூடுகளும் பணப்பைகளும் இருந்தன. அவற்றை இறுகப் பற்றியபடி நின்றேன்.

வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த சிங்கள மீனவர் ஒருவர் எழுந்து, வெற்றுப் பிளாஸ்ரிக் கலன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். கரைக்கு வர முயலாதே, பக்கவாட்டில் வா என்று கத்திக்கொண்டே சென்று, பையனை அந்தக் கலனைப் பிடிக்கச் செய்து, வெகு தூரம் சுற்றி வேறோர் இடத்தில் கரை சேர்த்தார். பையன் பிழைத்தான். நன்றி சொல்லப் போன என்னிடம் அம் மனிதர் சிங்களத்தில் சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது: "சேர், அலை உடையாத இடத்தாலேதான் கடல் திரும்பிப் போகிறது."

இந்த ஒரு வாக்கியத்தின் பொருளை விளங்கிக்கொள்ள நான் பின்னர் நூல்களைப் புரட்ட வேண்டியிருந்தது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் நீர் எப்படியாவது திரும்ப வேண்டும். மணல் திட்டுக்களுக்கிடையே எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே அது ஒன்றுகூடி, ஆறுபோலக் கடலை நோக்கிப் பாயும். பள்ளத்தில் நீர் ஆழமாதலால் அலை உடைவதில்லை; அதனாலே பார்வைக்கு அமைதியாய்த் தோன்றும். அந்த இழுப்பை எதிர்த்து நீந்துபவன் களைத்து மூழ்குகிறான். எதிர்க்காமல் மிதந்து, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கத்தில் விலகிச் செல்பவன் தப்பிவிடுகிறான். இழுப்பு குறுகியது, அலை உடையும் எல்லைக்கு அப்பால் வலுவிழந்துவிடும். மீனவர் மகனுக்குத் தவழும் வயதில் தெரிகிற இது, பட்டம் பெற்ற எனக்குத் தெரியாமற் போயிற்று.

என்னுடைய இரண்டாவது தவறு மாதத்தைப் பற்றியது. நம் கரைகளில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. இங்கிலாந்துக் கரைகளிற்போல வற்று நேரம் பார்த்துக் கடலில் இறங்க வேண்டிய அவசியம் இங்கில்லை. இங்கே பார்க்க வேண்டியது காற்றை. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரையில் தென்மேல் பருவக்காற்று வீசும். நம் மீனவர் அதனைச் சோளகம் என்பர். அக்காலத்தில் மேற்கும் தெற்கும் கொந்தளிக்கும். கிழக்கே திருகோணமலையில் உப்புவெளியும் நிலாவெளியும் பாற்கடல்போல் இருக்கும். கார்த்திகைக்குப் பின் வாடை வீசத் தொடங்கினால் நிலைமை தலைகீழாகிவிடும்: கிழக்கும் வடக்கும் சீறும், மேற்கும் தெற்கும் தணியும். சின்னஞ்சிறு தீவுக்கு இயற்கை வழங்கிய பெரிய கொடை இது. ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதோ ஒரு கரை நமக்காகத் திறந்திருக்கும்; மற்றக் கரை மூடியிருக்கும். ஆவணி மாதத்தில், மூடிய கதவைத் தட்டப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவன் நான்.

மகளின் கேள்வி வந்தபோது இவையெல்லாம் மனத்திலே கிடந்தன. முதலில் அவளைப் பயிற்றுநர் ஒருவரிடம் நீச்சல் தடாகத்துக்கு அனுப்பினேன். மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு, தடாகத்துக்கு வெளியே வாசலில் காவலிருப்பதென்ற உடன்படிக்கையில் இணங்கினாள். அதன்பின் மூவருமாகக் கரை தேடத் தொடங்கினோம்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் கல்கிசைக்குப் போனோம். வெள்ளவத்தையிலிருந்து புகையிரதத்தில் தெகிவளைக்கு அடுத்த நிலையம். சோளகம் தொடங்குவதற்கு முந்திய அம்மாதங்களில் அங்கே கடல் தணிந்திருக்கும். தேசாதிபதி மெயிற்லண்டின் மாளிகை எழுந்த பாறைமுனையை விட்டுத் தள்ளி, உயிர்காப்பாளரின் பார்வைக்குட்பட்ட இடத்தில் இறங்கினோம். நாங்கள் என்று சொல்வது மரியாதைக்காக. மகள் இறங்கினாள், நான் செருப்புக்களுக்குக் காவலிருந்தேன்.

அடுத்த விடுமுறையில் இக்கடுவையையும் மாத்தறைக்கு அருகிலுள்ள பொல்ஹேனவையும் பார்த்தோம். இவ்விடங்களில் கடலுக்குள் பவளப்பாறை ஒரு மதில்போல் நின்று அலையைத் தடுக்கிறது. மதிலுக்கு இப்பால் நீர் அமைதியாயிருக்கிறது. இது உண்மையான அமைதி; நான் அன்று கண்டு ஏமாந்தது போன்றதன்று. இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, அவ்வூராரைக் கேட்பது. அதனால் எங்கே போனாலும் முதலில் மீனவர் ஒருவரைத் தேடி, "உங்கள் பிள்ளைகளை எங்கே குளிக்க விடுவீர்கள்?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பிரயாணிகளுக்கென்று எழுதப்பட்ட எந்தப் புத்தகத்திலும் இத்துணைச் சுருக்கமான விடை கிடைக்கவில்லை. சில இடங்களில், "இங்கே எங்கேயும் விடமாட்டோம்" என்றார்கள். வணக்கம் சொல்லித் திரும்பினோம்.

ஆடி அமாவாசை வந்தது. அப்பா மறைந்த பின், அவருக்குச் செய்ய வேண்டிய கடனைக் கீரிமலையிலே செய்ய வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். நான் சிறுவனாயிருந்த காலத்தில் அது கைகூடாத காரியம். 1990ஆம் ஆண்டு நின்ற யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் சேர்ந்தது 2014ஆம் ஆண்டில்தான். கீரிமலையும் போர்க்காலத்தில் நெடுநாள் சாதாரண மக்கள் போய்வர முடியாத பகுதியாயிருந்தது.

நகுலேஸ்வரத்தின் அருகே, ஒரு சுவரின் அப்புறம் உப்புக் கடல். இப்புறம் நன்னீர்க் கேணி. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கிய மழைநீர், நிலத்தடி வழியாக ஓடி வந்து அவ்விடத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. பெண்களுக்கென்று மறைவான வேறு கேணியுண்டு. மனைவியும் மகளும் அங்கே சென்றார்கள். நான் ஆண்கள் கேணியின் படிகளிலே, கழுத்தளவு நீர் வரும் வரைக்கும் இறங்கினேன். கைப்பிடியை விடவில்லை. பக்கத்திலே எட்டு வயதுப் பையன் ஒருவன் மதிலிலிருந்து குதித்துக்கொண்டிருந்தான். "அங்கிள், பயமோ?" என்று கேட்டான். "ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

அன்று மாலை காரைநகருக்குப் போனோம். பொன்னாலைப் பாலத்தின் இரு புறமும் ஆழமற்ற கடல் கண்ணாடியாய் விரிந்து கிடந்தது. அப்பாவின் தங்கையாகிய மாமி எங்களை வரவேற்றார். இரவு முற்றத்திலே பாயை விரித்து இருந்தபோது, மறுநாள் கசூரினாக் கடற்கரைக்குப் போவதாகவும் அப்பா உயிரோடிருந்தால் விடமாட்டார் என்றும் சிரித்துக்கொண்டு சொன்னேன்.

மாமி சிரிக்கவில்லை.

"தம்பி, கொப்பர் இந்த ஊரிலேயே பெரிய நீச்சல்காரன். அது உனக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது.

"உனக்கு ஒரு சின்னையா இருந்தவன். பதினொரு வயது. அறுபதாம் ஆண்டு மார்கழி, வாடைக்காத்து நேரம். அண்ணனுக்குப் பின்னால கடலுக்கு ஓடினவன். அண்ணன் இறங்கினதைப் பார்த்துத் தானும் இறங்கினவன். அண்ணன்தான் தேடிப் பிடிச்சுத் தோளிலே போட்டுக்கொண்டு வந்தவர். வீட்டு வாசலுக்கு வரும் வரைக்கும் அவன் உயிரோட இருக்கிறான் எண்டுதான் எங்களுக்குச் சொன்னவர். அதோட அவர் கடலுக்கை கால் வைக்கேல்லை. தை மாதமே கொழும்புக்குப் போட்டார்."

மகள் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். அவளுக்கும் பதினொரு வயது. நான் அவள் தலைமயிரைத் தடவிக்கொண்டு பேசாதிருந்தேன்.

ஒவ்வோர் ஆண்டும் மார்கழியில் ஒரு நாள் அப்பா இரவு உணவு கொள்வதில்லை. அது என்ன விரதம் என்று அம்மா கேட்டும் அவர் சொன்னதில்லை. கருங்கற்களின் மேல் என்னைக் கண்ட அன்று அவருடைய கை ஏன் நடுங்கிற்று என்பதற்கு அந்த முற்றத்தில் எனக்கு விடை கிடைத்தது.

மறுநாட் காலை மாமியின் மகன், என் மச்சான், எங்களைக் கசூரினாவுக்கு அழைத்துச் சென்றான். சவுக்கு மரங்கள் வரிசையாய் நிற்கும் அக்கரை வடக்கு நோக்கியது. சோளகம் தரைப்பக்கமாயிருந்து வருவதால் ஆடி மாதத்தில் அலை எழுவதில்லை. பாக்கு நீரிணை ஆழமற்ற கடலாதலின் வெகு தூரம் நடந்தும் நீர் இடுப்பைத் தாண்டவில்லை. "இஞ்சைதான் எங்கட பிள்ளையள் பழகிறது. ஆனால் மார்கழியிலே விடமாட்டம்" என்றான் மச்சான்.

கரையில் நின்று வடக்கே நோக்கினேன். அந்த நீருக்கு அப்பால் கோடிக்கரை. அந்நீரிணையை 1954ஆம் ஆண்டில் நீந்திக் கடந்து பெயர் பெற்றார் நவரத்தினசாமி. வல்வெட்டித்துறையில் பிறந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திச் சென்று, நில்லாமல் மீண்டும் நீந்தித் திரும்பினார். 51 மணி நேரம். அதே ஆனந்தன் 1984ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் துறந்தார். கடலை வென்றவன் என்று ஒருவனும் இல்லை. அதனோடு பழகியவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவுதான்.

"காதைத் தண்ணிக்குள்ள விடும். வானத்தைப் பாரும். நெஞ்சிலே மூச்சைப் பிடியும். நான் முதுகிலே கை வைச்சிருக்கிறன்" என்றான் மச்சான்.

படுத்தேன். காதுக்குள் நீர் புகுந்ததும் உலகத்துச் சத்தமெல்லாம் அடங்கிற்று. மேலே வெறும் நீலம். சற்று நேரத்துக்குப் பின், "கையை எடுங்கோ, கையை எடுங்கோ" என்ற மகளின் குரல் எங்கிருந்தோ கேட்டது. மச்சான் கையை எடுத்து வெகு நேரமாயிற்று என்பது எழுந்த பின்னரே தெரிந்தது.

இப்போது எனக்கு இருபது முப்பது பாக தூரம் நீந்த முடியும். யாரையும் காப்பாற்ற அது போதாது என்பதும் தெரியும். ஆகவே சுற்றுலா செல்லும்போது கயிறு கட்டிய வெற்றுக் கலன் ஒன்று எங்கள் பேருந்திலே எப்போதும் இருக்கும். புறப்படுமுன் மாணவர்களைத் தேசப்படத்தின் முன் நிறுத்தி, இந்த மாதத்தில் எந்தக் கரை திறந்திருக்கிறது என்று கேட்கிறேன். சிவப்புக் கொடிக்குக் கீழ்ப்படிவது, தனியே இறங்காதிருப்பது, இழுப்பு வந்தால் பக்கமாய் விலகுவது, கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பாராமல் மேட்டுக்கு ஓடுவது ஆகிய நான்கையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். அழகான கரை எதுவென்று பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்; இறங்கத் தக்க கரை எதுவென்பதைப் பெரியவர்கள்தாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்பா எனக்குப் பாதியைத்தான் சொன்னார். மற்றப் பாதியைச் சொல்ல அவரால் இயலவில்லை.

வெள்ளவத்தைக் கருங்கற்களில் நானும் என் மகளை இறங்கவிடுவதில்லை. அந்தக் கரையைப் பற்றி அப்பா சொன்னது முற்றும் சரி.

சென்ற மார்கழியில், அப்பா உண்ணாதிருக்கும் அந்த நாளின் இரவு, நானும் உணவு வேண்டாம் என்றேன். ஏன் என்று மகள் கேட்டாள். விளக்கை அணைத்துவிட்டு வாசற்படியில் அவளை அருகே இருத்தி, கடலோசையைக் கேட்டபடி, அவளுடைய வயதிலே போய்விட்ட சின்னையாவைப் பற்றியும், தம்பியைத் தோளிலே சுமந்து வந்த அண்ணனைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.